போதுமென்னும் மனமும் போதாதென்னும் அன்பும்

மாந்தர் யாவரும் நாடுவது மனநிறைவு. செல்வன் அதனைத் தன் பெட்டகத்திலும், கற்றோன் தன் ஏட்டிலும், பதவியாளன் தன் நாற்காலியிலும் தேடுகின்றான். தேடுவோர் பலர், கண்டோர் சிலர். இஃது எக்காலத்திற்கும் பொதுவாய உண்மையேயெனினும், கிறிஸ்தவ மாணாக்கராகிய நாம் இதனைப்பற்றிச் சற்று ஆழ்ந்து சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஏனெனில், தேவன் நம்முள்ளே வாசஞ்செய்கின்றார் என்று ஆலயத்தில் அறிக்கையிடும் நாமே, ஆலயத்தின் வாயிலைக் கடந்தவுடன் ஒன்றும் பெறாதவரைப்போல ஏங்கித் திரிகின்றோம். அறிக்கைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே இவ்விடைவெளி எதனால் உண்டாயிற்று? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

சேலம் நாமக்கல் சமவெளி உழைப்பிற்குப் பெயர்பெற்றது. மழை குறைந்த இந்நிலத்தில் ஆழக் கிணறு தோண்டி நீரிறைத்துக் குச்சிக்கிழங்கு விளைப்போரும், அதனை ஆலையிலிட்டு ஜவ்வரிசி ஆக்குவோரும், தறியில் அமர்ந்து ஆடை நெய்வோரும், லாரிகளுக்குக் கூண்டு கட்டுவோரும், கோழிப்பண்ணை அமைத்து முட்டைகளைக் கடல்கடந்த நாடுகட்கும் அனுப்புவோரும் இங்குளர். இவ்வுழைப்பு வரிசையில் நம் தலைமுறை கண்ட புதியதொன்று மதிப்பெண் உழைப்பு. பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே மருத்துவக் கல்லூரியில் இடம் கொடுக்கப்பட்ட காலத்தில், நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு ஆகிய ஊர்களைச் சூழ்ந்தெழுந்த விடுதிப் பள்ளிகளுக்குத் தமிழ்நாட்டின் நாற்றிசையினின்றும் பெற்றோர் தம் மக்களை அழைத்து வந்தனர். 2017-ஆம் ஆண்டில் மருத்துவ இடங்கள் நீட் தேர்வின்வழி நிரப்பப்படலாயின. அவ்வாண்டிலேயே மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என வரிசையிட்டு அறிவிக்கும் வழக்கத்தையும் அரசு நிறுத்திவிட்டது. ஆயினும் ஏட்டினின்று ஒழிந்த வரிசை நம் மனத்தினின்று ஒழியவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை பெற்ற எண் யாது, நம் பிள்ளை பெற்ற எண் யாது என்னும் வினா இன்றும் வீடுதோறும் உணவோடு பரிமாறப்படுகின்றது. எண் குறைந்தமையால் உயிரையே வெறுத்த இளைஞரைப்பற்றிச் செய்தித்தாளிற் படித்துக் கண்கலங்குகின்றோம். ஆதலின் மனநிறைவென்பது ஓய்ந்திருப்போர் பேசிப் பொழுதுபோக்கும் பொருளன்று. இளைஞர்க்கு அஃது உயிர்நிலை என்க.

இந்நோய் வெளியுலகத்தாரை மட்டும் பற்றவில்லை, சபையினுள்ளும் புகுந்துள்ளது. சாட்சி கூறும் வேளைகளில் நம்மவர் எழுந்து, தேவன் தமக்குச் செய்த நன்மைகளை எண்ணிச் சொல்லுகின்றனர். நன்றி கூறுதல் நன்றே. அதனை யாம் பழிக்கவில்லை. ஆனால் எண்ணப்படும் நன்மைகள் யாவை? புதிய வீடு, மோட்டார் வண்டி, மகனுக்கு வெளிநாட்டில் வேலை, மகளுக்கு முதல் வகுப்பில் தேர்ச்சி. இவற்றையே கேட்டுக் கேட்டுப் பழகிய சிறுவன் உள்ளத்தில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத பாடமொன்று பதிகின்றது. இவையுடையார் உள்ளத்தே தேவன் உளர், இவையிலார் உள்ளத்தே அவர் இலர் என்பதே அப்பாடம். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் கூலிக்காரத் தாயும், தேர்வில் தவறிய மாணவனும் எழுந்து சொல்ல ஒன்றுமின்றித் தலைகுனிகின்றனர். வீடும் வண்டியுமே தேவன் வாசஞ்செய்வதற்குச் சான்றாமாயின், தமக்கென ஒரு வீடுமின்றி ஊரூராய் நடந்து திரிந்த நம் ஆண்டவரைப்பற்றி யாது சொல்வது? இவ்வளவுகோல் பிழையுடையதென்பது எம் துணிபு.

அங்ஙனமாயின் மெய்யான மனநிறைவு யாது? நிறைவென்னும் சொல்லே நமக்கு வழிகாட்டும். அது 'நிறை' என்னும் வினையடியாகப் பிறந்தது. நிறைதற்கு ஒரு கலமும், அக்கலத்துள் வந்து தங்கும் பொருளும் வேண்டும். வெறுங்கலத்தை நிறைகலம் என்பாரிலர். ஆதலின் ஆசைகளையெல்லாம் வெளியே கொட்டி உள்ளத்தை வெறிதாக்கிவிட்டால் மட்டும் நிறைவு வந்துவிடாது. உள்ளே ஒருவர் வந்து தங்குதல் வேண்டும். பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபையாருக்கு எழுதுங்கால், அவர்கள் தேவனுடைய ஆலயமென்றும், தேவ ஆவியானவர் அவர்களுக்குள்ளே வசிக்கின்றாரென்றும் நினைப்பூட்டினார். அச்சபையாரிற் பெரும்பாலோர் உயர்குடிப் பிறந்தாரல்லர், குற்றமற்றவருமல்லர், தமக்குள் பிரிவினையும் வழக்கும் உடையராயிருந்தனர். அத்தகையோரையே அவர் ஆலயமென்றழைத்தார். வீட்டின் பெருமை சுவரால் வருவதில்லை, குடியிருப்பவரால் வருகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

அப்போஸ்தலனே பிலிப்பி சபையாருக்குக் காவலிலிருந்து எழுதிய நிருபத்தில், வாழ்விலும் தாழ்விலும் அமைந்திருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகக் கூறுகின்றார். அந்நிலையை நம் தமிழ் வேதாகமம் 'மனரம்மியம்' என்னும் அழகிய சொல்லாற் குறிக்கின்றது. இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, அது கற்றுக்கொள்ளப்பட்டது. பிறவியோடு வந்ததுமன்று, ஒருநாட் கூட்டத்தில் கைநீட்டிப் பெற்றதுமன்று. கற்றற்குக் காலமும் வேண்டும், பாடமும் வேண்டும். பவுலுக்குப் பாடமாய் அமைந்தவை பசியும், சிறையும், கப்பற்சேதமுமே. இரண்டாவது, அதே நிருபத்தில் சற்று முன்னர், தாம் இன்னும் இலக்கை அடைந்திலரென்றும், பந்தயத்தில் ஓடுவானைப்போல முன்னோக்கிச் செல்கின்றாரென்றும் அவர் சொல்லியுள்ளார். அமைந்திருப்பவரும் ஓடுகின்றவரும் ஒருவரே! போதுமென்றவர் ஏன் ஓடவேண்டும்? ஓடுகின்றவர் எங்ஙனம் போதுமெனலாம்? இவ்வினாவிற்கு விடை காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் சமவெளியில் நின்று கொல்லிமலையை நிமிர்ந்து நோக்குதல் சாலும்.

கொல்லிமலை தமிழ் கற்பார்க்குப் புதியதன்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. சங்கப் புலவர் பாடிய மலை அது. இன்று காரவள்ளியினின்றும் அம்மலைமீது 70 கொண்டையூசி வளைவுகளையுடைய சாலை ஏறிச் செல்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளியார் அங்கே தங்கத் தயங்கினர். அத்தகைய மலையிற் சென்று குடியேறினர் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட் என்பவரும், 1913-இல் அவரை மணந்த ஈவ்லின் அம்மையாரும். அம்மையார் இலண்டன் மாநகரில் செல்வ வணிகர் குடும்பத்திற் பிறந்தவர், ஓவியம் பயின்றவர். வண்ணந் தீட்டிப் பழகிய அக்கைகள் மலைவாழ் மக்களின் புண்களைக் கழுவின. கணவர் சிறிது மருத்துவம் கற்றவர். கட்டட வேலையும் அறிந்தவர். நோயாளர்க்கு மருந்து கொடுத்தும், பள்ளி நிறுவியும், கைத்தொழில் கற்பித்தும் இருவரும் உழைத்தனர். ஆயினும் பல ஆண்டுகள் அம்மலையில் ஒருவரேனும் அவர்தம் விசுவாசத்தைத் தழுவவில்லை. பின்னர்க் காய்ச்சலுற்று இறக்குந் தறுவாயிலிருந்த பூசாரியொருவர் தம் பெண்குழந்தையை அவர்கள் கையில் ஒப்புவித்தார். அதன் பின்னரே மலைமக்கள் சிலரின் மனம் அவர்கள்பால் நெகிழலாயிற்று. எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொள்வார் அவ்வாண்டுகளை வீணென்றே தள்ளிவிடுவர்.

1923-இல் அவ்விருவரும் தம் மகன் பாலையும் மகளையும் கல்விக்காக இங்கிலாந்தில் விட்டுவந்தனர். 1929-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மலேரியாவின் விளைவாக வரும் கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி பிராண்ட் உயிர்நீத்தார். இறப்புச் செய்தி தந்தியில் விரைந்து சென்றது. அவர் இறப்பதற்கு முன் மகனுக்கு எழுதியிருந்த கடிதமோ கப்பலேறிச் சென்று, தந்திக்குப் பின்னரே அவன் கையை அடைந்தது. தந்தையின் உடல் மண்ணில் அடங்கிவிட்டதை அறிந்த சிறுவன், தந்தையின் கையெழுத்தைப் பிரித்துப் படித்தான். அதிலே குறைகூறல் இல்லை. மலைமீது குதிரையேறிச் செல்லுங்கால் தாம் கண்ட மரஞ்செடிகளின் அழகைப்பற்றியும், தேவன் படைத்த உலகில் மகிழ்ந்திருத்தலைப்பற்றியும் தந்தை எழுதியிருந்தார். மக்களைக் கடலுக்கப்பால் பிரிந்து, உழைப்பின் பலனை அரிதாகவே கண்டு, நோய் சூழ்ந்த மலையில் வாழ்ந்த ஒருவர் அங்ஙனம் எழுதினாரெனின், அவருள்ளத்தை நிறைத்தது வெளியிலுள்ள பொருளன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஈவ்லின் அம்மையார் ஆறாத்துயருற்றார். ஆயினும் இங்கிலாந்து சென்ற அவர் அங்கேயே தங்கிவிடாது இந்நாட்டிற்கு மீண்டார். எழுபதை அணுகிய வயதில் மிஷன் அவருக்கு ஓய்வு கொடுக்க முற்பட்டது. அவரோ மிஷனின் ஊழியத்தினின்றும் விலகிக்கொண்டு, தம் பொறுப்பிலேயே மீண்டும் மலையேறினார். கொல்லிமலையோடு நில்லாது, கல்வராயன்மலை முதலிய பிற மலைகளிலும் பணிபுரிந்தார். இடுப்பெலும்பு முறிந்த பின்னரும் இரு மூங்கிற்கழிகளை ஊன்றி நடந்தும், மட்டக்குதிரையேறியும் சிற்றூர்தோறும் சென்றார். வாழ்நாளின் இறுதி இருபது ஆண்டுகளில் அவர் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லையென்று அவர் மகன் எழுதியுள்ளார். அம்மகனே, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் இயங்கச்செய்து உலகறிந்த டாக்டர் பால் பிராண்ட். அம்மையார் 1974-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், 95-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கருகே அவர் உடல் அடக்கஞ்செய்யப்பட்டது.

மேலே யாம் எழுப்பிய வினாவிற்கு விடை இவ்வாழ்க்கையில் உள்ளது. அம்மையார் தம் உணவு, தம் உடை, தம் உறையுள், தம் தோற்றம் ஆகியவற்றில் 'போதும்' என்றார். அதனாலன்றோ கண்ணாடியும் வேண்டாதாயிற்று! மலைமக்களின் நோய், அவர்தம் குழந்தைகளின் கல்லாமை ஆகியவற்றிலோ, எழுபதாண்டின் பின்னரும் 'போதாது' என்றார். முதற்சொல் மனநிறைவின் சொல்; இரண்டாஞ்சொல் அன்பின் சொல். இவ்விரண்டும் ஓர் உள்ளத்தே சண்டையின்றி ஒருங்கு வாழும். தனக்குப் போதுமென்று சொல்லக் கற்றவனுக்கே, பிறர்க்குப் போதாதென்று உழைக்க நேரமும் வலிமையும் மிஞ்சுகின்றன.

நம் நாட்டு ஏரிகளைக் காண்க. ஏரி நிறையுமளவும் தன்பால் வரும் நீரையெல்லாம் தானே கொள்ளும். நிறைந்தவுடன் கலிங்கு வழியே நீர் பாய்ந்து அடுத்த ஏரிக்குச் செல்லும். அதுவும் நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. மேலேரி நிறையாதவரை கீழேரியார் வானத்தையே நோக்கி நிற்பர். மனிதர் உள்ளமும் இத்தகையதே. உள்ளே நிறையாதவன் எத்துணைப் பெற்றாலும் அடக்கிக்கொண்டேயிருப்பான். அவனிடமிருந்து ஒருதுளியும் வெளிவாராது. தேவனால் நிறைந்தவனோ தன்னிடத்துள்ளது சிறிதாயினும் அதனைக் கீழுள்ள வயலுக்கு விடுவான்.

இங்கு மறுத்துரைப்பார் சிலருளர். "போதுமென்னும் மனம் ஏழையை ஏழையாகவே வைத்தற்குச் செல்வர் கண்ட சூழ்ச்சி, குறைந்த கூலிக்கு நெய்யும் தொழிலாளியை நோக்கி மனநிறைவு கொள்க என்பது கொடுமையன்றோ?" என்பர். அவர் கூற்றில் உண்மையுண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. மனநிறைவு என்னும் சொல்லைப் பிறர் வாயை அடைக்கும் துணியாகப் பயன்படுத்தினோர் எல்லாக் காலத்தும் இருந்தனர். ஆதலின் யாம் ஒரு நெறி கூறத் துணிகின்றோம். மனநிறைவு ஒருவன் தன்னை நோக்கித் தானே உபதேசித்துக்கொள்ளத்தக்கது. பசித்திருக்கும் அயலானை நோக்கி உபதேசிக்கத்தக்கதன்று. அயலானுக்கு நாம் கொடுக்கவேண்டியது சோறும், நீதியான கூலியும், துணைநிற்குங் கையுமே. பவுல் தம் சிறையைப்பற்றி அமைந்திருந்தார். எருசலேமிலிருந்த ஏழைகளின் வறுமையைப்பற்றி அமைந்திராது, சபைதோறும் அவர்கட்காகக் காணிக்கை திரட்டினார். பிராண்ட் தம்பதியரும் மலைமக்களைப் பார்த்து, காய்ச்சலோடு அமைந்திருங்கள் என்று கூறவில்லை; மருந்துப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்றனர்.

வேறு சிலர், "இவை பெரியோர் செயல், கடன்பட்டுப் படிக்கவைத்த பெற்றோரையுடைய எம்மனோர்க்கு மதிப்பெண்ணும் வேலையும் வேண்டாவோ?" என்று வினவுவர். வேண்டும், நிச்சயமாக வேண்டும். தறியோட்டும் தந்தையின் மகன் ஊக்கத்தோடு கற்றல் அவனுக்குக் கடமை. அவன் சோம்பியிருந்துவிட்டு அதனை மனநிறைவென்று பெயரிடுவானாயின், அது தந்தையின் வியர்வைக்குச் செய்யும் துரோகமாம். யாம் வற்புறுத்துவது ஒன்றே: மதிப்பெண் நம் கைக்கருவியாயிருக்கலாம், நம் விலையாயிருத்தல் கூடாது. கருவி உடைந்தால் வேறு கருவி தேடலாம். விலையே போயிற்றென்று எண்ணுவோன் தன்னையே எறிந்துவிடத் துணிவான். இவ்வேறுபாட்டை அறிதற்கு ஓர் எளிய தேர்வுண்டு. நண்பன் நம்மினும் மிக்க எண் பெற்ற நாளில் நம்மால் அவனோடு மகிழ்ந்து உண்ண முடிகின்றதா? முடியுமாயின் எண் நம் கையிலுள்ளது. முடியாதாயின் எண்ணின் கையில் நாமுள்ளோம்.

இன்னும் ஒன்று கூறவேண்டும். மனநிறைவு உணர்ச்சியன்று. தேவன் உள்ளே இருப்பாராயின் எந்நாளும் மகிழ்ச்சி பொங்கவேண்டுமென்றும், மனஞ்சோர்ந்தவன் அவரை இழந்துவிட்டானென்றும் கூறும் போதனை சில இடங்களில் வழங்குகின்றது. அது துயருற்றோர்மீது மற்றுமொரு பாரத்தைச் சுமத்துவதாகும். நம் ஆண்டவர் நண்பனுடைய கல்லறையண்டையில் கண்ணீர் விட்டார், கெத்செமனேயில் வியாகுலப்பட்டார். அவ்வேளைகளில் பிதா அவரைவிட்டு அகன்று போயினாரென்று எவரும் கூறார். ஈவ்லின் அம்மையாரின் துயரும் ஒரு நாளிலோ ஒரு மாதத்திலோ தீர்ந்ததன்று. குடியிருப்பவர் வீட்டைவிட்டு நீங்காதிருத்தலே வீட்டிற்கு உறுதி. விளக்கு ஏற்றாத இரவிலும் அவர் உள்ளேதான் இருக்கின்றார். சோர்வு மிக்குத் தனியே தாங்கவொண்ணாத நிலையில், நண்பரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ சென்று வாய்விட்டுக் கூறுதல் விசுவாசக் குறைவன்று. தேவன் தம் உதவியைப் பெரும்பாலும் மனிதர் கையாலேயே அனுப்புகின்றார்.

மாணவ நண்பர்காள்! நம் கல்லூரியிலும் நம் சபைகளிலும் இரண்டு வழக்கங்கள் தோன்றுதல் வேண்டுமென்பது எம் வேண்டுகோள். சாட்சி கூறும் வேளையில், பெற்றவர் மட்டுமன்றிப் பெறாதவரும் எழுந்து பேச இடந்தருவோமாக. தேர்விற் தவறியும் இவ்வாண்டு தேவன் தன்னைக் கைவிடவில்லையென்று ஒரு மாணவன் சொல்லக் கேட்பது, பத்து முதலிடங்களைக் கேட்பதினும் நமக்குப் பயன் தரும். பெற்றவரும், பெற்றதை மட்டும் கூறாது, பெற்றதனால் யாருடைய ஏரிக்கு நீர் பாய்ந்ததென்பதையும் கூறுவாராக. இவ்விரண்டும் வழக்கமாயின், கடைசி வரிசையில் தலைகுனிந்திருப்போர் தலைநிமிர்வர். முன் வரிசையிலிருப்போரும் தம் கலத்தில் உள்ளது யாதென்று எண்ணிப்பார்ப்பர்.

கல்லூரியை விட்டுச் செல்லும் நாளில் நம்மிற் சிலர் உயர்பதவி பெறுவர். சிலர் சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியராவர். சிலர் நெடுநாள் வேலையின்றியும் இருப்பர். நிலைமை வேறுபடினும் உள்ளே வசிப்பவர் ஒருவரே. அவர் குடியிருக்கும் வீடு ஓட்டுவீடாயினும் மாடிவீடாயினும் அவருக்குக் குறைவில்லை, நமக்கும் இல்லை. நமக்கு வேண்டுவனவற்றிற் போதுமெனவும், பிறர்க்கு வேண்டுவனவற்றிற் போதாதெனவும் சொல்ல நாம் நாளும் கற்போமாக. அக்கல்விக்கு வாழ்நாள் முழுதும் வேண்டுமாயினும், தொடங்குதற்கு இன்றே நல்ல நாள்.